நோட்டில் இல்லை, நாக்கில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிறை வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். "வகுப்பில் கதைதான் சொல்கிறீர்களாமே, நோட்டில் ஒன்றையும் காணோமே டீச்சர்" என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இக்கடிதம்.

மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பாட்டி வடை சுட்ட கதையை ஆங்கிலத்தில் சொல்வேன். கதை ஏற்கெனவே தெரியும். அதனால் கவனம் முழுக்க மொழியில் இருக்கும். காகம் மரத்தில் உட்கார்ந்ததும் நிறுத்திவிடுவேன். அப்புறம் நரி என்ன சொல்லும்? ஆளுக்கொன்று சொல்வார்கள். எப்போதும் வாய் திறக்காத ஒரு மாணவி சென்ற வாரம் எழுந்து, "மிஸ்டர் குரோ, யூ சிங், ஐ கிவ் யூ சம்பல்" என்றாள். வகுப்பே கைதட்டியது. இலக்கணப் பிழை இருக்கட்டும், அது அவளே கட்டிய வாக்கியம்! மறுநாள் அதே கதையை நேற்று நடந்ததாகச் சொல்லச் சொன்னேன். 'சிட்' தானாக 'சாட்' ஆனது.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வை 2021இல் எடுத்துவிட்டார்கள். கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து நான்கையும் வகுப்பறையிலேயே மதிப்பிடுகிறோம். ஆனாலும் பல வீடுகளில் பயிற்சிப் புத்தகங்கள்தாம் குவிந்து கிடக்கின்றன. சரி, வாங்குங்கள். கூடவே, இரவுச் சாப்பாட்டின்போது அன்று கேட்ட கதையைப் பிள்ளையை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் திருத்தாதீர்கள். உங்களுக்கு ஆங்கிலம் வராவிட்டாலும் பரவாயில்லை, காது கொடுத்துக் கேட்டால் போதும். தாத்தா பாட்டியும் உட்காரலாம்.

ஆங்கில ஆசிரியை,
பிறை, பினாங்கு