தே ராக் ஏரிக்கரையிலிருந்து

ஹேவுட், விக்டோரியா, ஆஸ்திரேலியா
ஆடி 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கு எல்லோர் நலமும் அறிய ஆவல். இரண்டு கடிதத்துக்கும் பதில் போடாதது என் தப்புதான். ஷிப்ட் குறைந்து ஓய்வு நிறையவே கிடைக்கிறது, வேலைமேல் பழிபோடவும் வழியில்லை.

"அங்கே கண்மாய் உண்டா, மடையை யார் பார்க்கிறார்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். பக்கத்தில் தே ராக் என்று ஓர் ஏரி இருக்கிறது, வெள்ளைக்காரர் வைத்த பேர் காண்டா. அது இந்த நாட்டுப் பூர்வகுடிகளான குண்டிட்ஜ்மாரா மக்களின் பூமி. புட்ஜ் பிம் எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறையைப் பெயர்த்து வாய்க்கால் வெட்டி, அந்தக் கல்லையே சாந்தில்லாமல் அடுக்கி அணை போட்டிருக்கிறார்கள். 6,600 வருஷப் பழசு. பயிருக்கு இல்லை, விலாங்கு மீனுக்கு!

கல்வரிசையில் ஒரு சந்து விட்டு, புல்லில் பின்னிய நீள மீன்பறியைச் செருகுவார்கள். வாய் அகலம், வால் ஒடுக்கம். வால்பக்கம் வெளிவரும் விலாங்கை ஆள் நின்று பிடிப்பார், பொடிசு நழுவிப் போய்விடும். வாய்க்கால்கள் ஒரே மட்டத்தில் இல்லை. ஏரி ஏற ஏற, அடுத்த மட்டத்து வாய்க்காலுக்கு வேலை வரும். பிடித்ததில் மிச்சத்தைக் குட்டையில் உயிரோடு விட்டுவைப்பார்கள். வளர்ந்த விலாங்கு கடலிறங்கி, தொலைவில் பவளக் கடலில் முட்டையிட்டுச் சாகும். குஞ்சுதான் திரும்பி ஆறேறும். வழியை ஒரேயடியாக அடைத்தால் பின்னால் மீனே இருக்காது. இந்தக் கணக்கில்தான் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

மேய்ச்சல் நிலம் வேண்டுமென்று 1880களிலும் 1950களிலும் வடிகால் வெட்டி ஏரியை வற்ற வைத்தார்கள். மேட்டு வாய்க்காலெல்லாம் வெறும் கல்லாகக் கிடந்தது. 2008இல் ஏரி குண்டிட்ஜ்மாரா கைக்குத் திரும்பியது, 2010இல் தடுப்பணை கட்டித் தண்ணீரைத் தேக்கினார்கள். 2019இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனாலும் இங்கே நிலம் வேறு, தண்ணீர் வேறு. தண்ணீருக்கு லிட்டர் கணக்கில் தனி உரிமம். பலவாரா ஆற்றில் 250 கோடி லிட்டர் அவர்களுக்கென்று வந்தது 2022இல்தான். காலங்காலமாகப் பார்த்த தண்ணீருக்குச் சீட்டு வாங்கக் காத்திருந்திருக்கிறார்கள்.

புகை போட்ட விலாங்கு ஒரு துண்டு வாங்கிப் புளிக்குழம்பு வைத்தேன். புகைவாசம் குழம்பைக் கெடுத்துவிட்டது. கண்மாய் வற்றி ஊரே மீன் பிடிக்கும்போது அம்மா வைக்கும் விரால் குழம்பு நினைவு வந்து பாதியில் எழுந்துவிட்டேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

நம் கண்மாயில் மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கை ஓரடி உயர்த்தும் மனுவில், மடை பார்க்கும் மாரி சித்தப்பாவைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எந்த மழைக்கு எவ்வளவு தேங்கும், யார் வயல் மூழ்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். மல்லிகா நகைக்கு இப்போது வட்டி மட்டும் கட்டுங்கள். அசலைப் புரட்டாசியில் அனுப்புகிறேன், வேறொன்றுமில்லை. பெரியப்பா வரப்பை அளக்க சர்வேயர் வந்தாரா? தேதி எழுதுங்கள்.

இப்படிக்கு,
முருகேசன்