கேப் வகை உயிர்காப்புப் படகில் வந்தவர்களுக்கும் அதை அனுப்பிவைத்தவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

கனடாக் கரையோரக் காவற்படையின் கேப் வகை உயிர்காப்புப் படகில் வந்து எங்களை ஒன்ராறியோ ஏரியிலிருந்து மீட்ட நால்வருக்கும், அந்தப் படகு எங்களிடம் வந்து சேரக் காரணமான எல்லோருக்கும் எங்கள் இரு குடும்பங்களின் பணிவான வணக்கம்.

கடந்த மே மாதம் நயாகராப் பக்கத்துக் கரைக்கு அப்பால் மீன்பிடிக்கச் சென்ற இடத்தில் எங்கள் வள்ளத்தின் இயந்திரம் நின்றுபோனதும், நங்கூரம் பிடிக்காமல் காற்றின் போக்கில் இழுபட்டதும், தண்ணீர் ஏறத் தொடங்கிய வேளையில் நீங்கள் வந்து எங்கள் ஐவரையும் கரை சேர்த்ததும் எங்களுடைய உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தெரிந்த செய்திதான். நிலையத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் ஏற்கெனவே அனுப்பிவிட்டோம். இதைத் தமிழில், எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்களை விசாரிக்க வந்தவர்களில் பாதிப்பேர் கடவுள் காப்பாற்றினார் என்றார்கள்; மற்றவர்கள் நல்ல காலம் என்றார்கள். கடவுளுக்குச் சொல்ல வேண்டியதைக் கோயிலில் சொல்லிவிட்டோம். மனிதர்கள் செய்ததை நல்ல காலத்தின் கணக்கில் எழுதிவிட எங்களுக்கு மனமில்லை.

முதல் நன்றி, கடல்வழி வானொலியில் ஆபத்து அழைப்புகளுக்குரிய 16ஆம் அலைவரிசையில் எங்கள் அழைப்பை எடுத்த வானொலி அலுவலருக்கு உரியது. அவருடைய பெயரும் தெரியாது, முகமும் தெரியாது. என் மச்சான் பதற்றத்தில் ஆங்கிலத்தையும் தமிழையும் கலந்து கத்தியபோது அவர் குரலை உயர்த்தாமல் ஒவ்வொன்றாகக் கேட்டார்: எங்கே நிற்கிறீர்கள், எத்தனை பேர், எல்லோரும் உயிர்காப்பு அங்கி போட்டிருக்கிறீர்களா, யாருக்காவது காயமா. ஜிபிஎஸ் காட்டிய எண்களைத் திருப்பிச் சொல்லி ஒப்பிட்டுப் பார்த்தார். படகு கண்ணுக்குத் தெரியும்வரை விட்டுவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கரை கண்ணுக்குத் தெரிந்ததால் நீந்திப் பார்ப்போமா என்ற பேச்சு எங்களுக்குள் எழுந்தது; அதை அடக்கியது அந்தக் குரல்தான். மே மாதத்தில் கரையில் வெயில் எறித்தாலும் ஏரித் தண்ணீரிலிருந்து மாரிகாலத்துக் குளிர் போயிருக்காது. மனிற்றோபாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய 1-10-1 என்ற கணக்கை இந்நாட்டில் வள்ளம் ஓட்டுகிற எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டும். குளிர்நீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால்கள் சொன்னபடி கேட்பதற்கு ஏறத்தாழ 10 நிமிடங்கள், உடல் குளிர்ந்து நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்பதே அந்தக் கணக்கு. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் கரைக்கு வந்து சேராமல் போவது அந்த நடு எண்ணால்தான்.

எங்கள் அழைப்பு அங்கிருந்து ட்ரென்ரன் விமானப்படைத் தளத்திலுள்ள கூட்டு மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குப் போயிருக்கிறது. விமானப்படை அதிகாரிகளும் கரையோரக் காவற்படை அதிகாரிகளும் அங்கே ஒன்றாக அமர்ந்து, பேரேரிகளில் யாருக்கு ஆபத்து என்றாலும் எந்தப் படகை அனுப்புவது, விமானம் வேண்டுமா என்று இரவு பகலாக முடிவெடுக்கிறார்கள். அன்று அந்த இருக்கையில் இருந்தவருக்கும் எங்கள் நன்றி.

இனிப் படகைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அதைப் பற்றி எங்களுக்கு முன்பு எதுவுமே தெரிந்திருக்கவில்லை, கரை சேர்ந்த பிறகு தேடித் தேடிப் படித்தோம். கேப் வகைப் படகு 47 அடி நீளமானது, அலுமினியத்தால் ஆனது, இரண்டு டீசல் இயந்திரங்களின் வலுவில் 25 நொட் வேகத்தில், அதாவது மணிக்கு 46 கிலோமீற்றர் அளவில், ஓடக்கூடியது. அமெரிக்கக் கரையோரக் காவற்படையின் 47 அடி உயிர்காப்புப் படகே இதற்கு மூலம். 30 அடி உயர அலையையும் 50 நொட் காற்றையும் தாங்கும்படி அதை வடிவமைத்தார்கள். பாரமான இயந்திரங்களும் எரிபொருளும் அடியில் இருக்கின்றன, மேற்கட்டு தண்ணீர் புகாமல் மூடப்பட்டுக் காற்றடைத்து நிற்கிறது. ஆகவே அலை புரட்டிப் போட்டாலும் படகு தலைகீழாக நிற்க முடியாமல் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைபோல் அரை நிமிடத்துக்குள் தானாகவே நிமிர்ந்துவிடும். அந்த அரை நிமிடமும் உள்ளே இருப்பவர்கள் தலைக்கவசத்துடன் இருக்கையில் கட்டுண்டு கிடப்பார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால்தான் இந்தத் தொழில் எப்படிப்பட்டது என்று விளங்கும்.

இந்தப் படகுகளின் பரம்பரையும் சிறியதல்ல. 1952 பெப்ரவரி 18 அன்று அமெரிக்காவின் கேப் கொட் கரைக்கு அப்பால் பென்டில்ரன் என்ற எண்ணெய்க் கப்பல் புயலில் இரண்டாகப் பிளந்தபோது, அந்நாட்டுக் கரையோரக் காவற்படை வீரர் பெர்னி வெபரும் அவருடன் மூவரும் 36 அடி மரப் படகொன்றில் போய் 32 பேரை ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். அதன் பின் 1960களில் 44 அடி எஃகுப் படகு வந்தது. அதற்கும் பின் வந்தது இந்த 47 அடிப் படகு. கனடாவுக்குரிய 36 கேப் வகைப் படகுகளைக் கிங்ஸ்டனிலும் விக்டோரியாவிலும் உள்ள பட்டறைகளில் கட்டினார்கள். அங்கே உலோகத்தைப் பற்றவைக்கும் வேலை செய்த தொழிலாளர்கள் யாருக்காகச் செய்கிறோம் என்று அறிந்திருக்க மாட்டார்கள். ஐந்து பேரின் சார்பில் அவர்களுக்கும் நன்றி சொல்கிறோம்.

ஆனாலும் படகு தானாக வருவதில்லை. வடகிழக்கிலிருந்து காற்று வலுத்துக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் இளவயதில் தொழில் செய்த என் மாமா அதை வாடைக்கொண்டல் என்றே சொன்னார். ஏரி அலை கடல் அலையைப்போல் நீண்டு வருவதில்லை; குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்றாக வந்து மோதும். அப்படிப்பட்ட அலையில் இரண்டு வள்ளங்களை அருகருகே கொண்டுவருவது உடைத்துக்கொள்வதற்குச் சமம். சுக்கான் பிடித்தவர் உள்ளறையை விட்டு மேலே திறந்த தளத்துக்கு ஏறி, அங்கிருக்கும் இரண்டாம் இயக்குமிடத்தில் நின்று, ஓர் இயந்திரத்தை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் மாற்றி மாற்றி விட்டு, எங்களிடமிருந்து ஒரு கை தூரத்தில் அந்தப் பெரிய படகை நிறுத்திக் காட்டினார். அதன் நடுப்பகுதியில் இரு புறமும் விளிம்பு தாழ்வாக வெட்டப்பட்டிருக்கிறது. தண்ணீரில் கிடப்பவரை எட்டித் தூக்குவதற்கான இடம் அது. அங்கே இடுப்புவாரைக் கொளுவிக்கொண்டு ஓர் இளம்பெண் முழங்காலில் நின்றார். மாமாவின் அங்கியைத் தோளில் பற்றியவர் உடனே இழுக்கவில்லை. இரண்டு அலைகளைப் போகவிட்டார். எங்கள் வள்ளம் எழுந்து அவர்களுடையது தாழ்ந்து இரண்டும் சமமாக வந்த நொடியில், ஒரு சொல் சொல்லி, ஒரே இழுவையில் உள்ளே எடுத்துவிட்டார். கீழறையில் போர்வை சுற்றி உட்கார்ந்த மாமா முதலில் பேசியது, "உந்தப் பிள்ளைக்குக் கடல் தெரியும்" என்பதுதான். அவரிடமிருந்து அந்தச் சான்றிதழ் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

உயிர்களை மீட்பதே உங்கள் கடமை, உடைமைகளை மீட்பது அல்ல என்பதை அறிவோம். இருந்தும் 150 தொன் கப்பலையே கட்டியிழுக்கக்கூடிய அந்தப் படகால், நீர் இறைக்கும் இயந்திரத்தைப் போட்டு எங்கள் சிறு வள்ளத்தையும் இழுத்துவந்தீர்கள். அதுவரை பக்கத்தில் நின்று காவல் காத்த கரையோரக் காவல் துணைப்படைத் தொண்டர்களையும் மறக்கவில்லை; 1978இல் தொடங்கிய அந்த அமைப்பில் மீனவர்களும் படகோட்டிகளும் சம்பளம் இல்லாமல், பலர் தங்கள் சொந்தப் படகுகளிலேயே, இந்த வேலையைச் செய்கிறார்கள்.

கனடாத் தமிழர்களுக்கு இந்தக் கடன் புதிதல்ல. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் கப்பல்களில் வைத்திருக்கும் சிறு உயிர்காப்புப் படகுகள் இரண்டில் விடப்பட்டு மூடுபனியில் மிதந்த 155 ஈழத்தமிழர்களைக் கண்டு முதலில் உதவியவர் கஸ் டால்ரன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர். அன்று கரையேறியவர்களின் பிள்ளைகள் இன்று இந்நாட்டில் எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள். கரையோரக் காவற்படையிலும் துணைப்படையிலும் நம் பிள்ளைகள் இன்னும் அதிகமாகச் சேர வேண்டும் என்பது என் விருப்பம். மருத்துவமும் கணினியும் போதும் என்று நினைக்கும் பெற்றோர் என்னைக் கோபிக்கக்கூடாது.

கரையில் காத்திருந்த அவசர மருத்துவ உதவியாளர்களுக்கும், எங்கள் வீட்டாருக்குத் தொலைபேசியில் பொறுமையாகப் பதில் சொன்ன நிலைய ஊழியருக்கும் நன்றி. அன்பளிப்பு எதையும் வாங்க மறுத்த நீங்கள், மாமி கொடுத்தனுப்பிய பலகாரப் பெட்டியை மட்டும் எல்லோருக்கும் பொதுவானது என்று சொல்லி ஏற்றுக்கொண்டீர்கள். பயற்றம் பணியாரம்தான் முதலில் முடிந்தது என்று கேள்விப்பட்டோம். அடுத்த வசந்தத்தில் நிலையம் திறந்ததும் இன்னொரு பெட்டி வரும்.

நன்றியுடன்,
ஸ்காபரோவிலிருந்து இரு குடும்பத்தினர்