பண்டமாற்று அல்ல, பற்று நோட்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு பொருளாதாரப் பக்கத்தை யாங்கோனில் உட்கார்ந்து கைப்பேசியில் படிக்கிறவன் நான். பணம் பிறந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தீர்கள். முதலில் பண்டமாற்று, அதில் சிரமம், அதனால் பணம், அப்புறம்தான் கடன். ரொட்டிக்காரருக்குக் கறி வேண்டும், கறிக்கடைக்காரருக்கோ ரொட்டி வேண்டாம் என்று 1776-இல் பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் சொன்ன கதைதான். மானிடவியலாளர் டேவிட் கிரேபர் 2011-இல் கடனைப் பற்றி எழுதிய நூலில் இதைப் போட்டு உடைத்துவிட்டார். பண்டமாற்றையே நம்பி ஓடிய ஊரை யாரும் கண்டதில்லை, கடன்தான் மூத்தது என்றார். அவர் அரசின்மைவாதி, அதாவது அரசின் அதிகாரம் இல்லாமலே மக்கள் சேர்ந்து வாழ முடியும் என்று நம்பியவர். (தமிழில் அராஜகம் என்றாலே கல்லெறியும் கடையுடைப்பும்தான். பாவம், அந்த மனிதர் கணக்கு வழக்கைப் பற்றித்தான் பக்கம் பக்கமாகப் பேசினார்.)

1987 செப்டம்பர் 5, சனிக்கிழமை. எனக்கு 13 வயது. 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது, மாற்றியும் தர முடியாது என்று அப்போது பர்மாவை ஆண்ட நே வின் அரசு அறிவித்தது. காளி கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் அப்பாவின் மளிகைக்கடை. பருப்பு டின்னுக்கு அடியில் இருந்த நோட்டுக்கட்டை எடுத்துப் பார்த்தார், திரும்ப அங்கேயே வைத்தார்.

பாடப்புத்தகப்படி நாங்கள் பண்டமாற்றில் இறங்கியிருக்க வேண்டும். மொகிங்கா (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) விற்கும் பர்மாக்கார அக்கா கடலைப்பருப்புக்கு ஈடாக ஒரு சட்டிக் குழம்பை நீட்டவில்லை. "எழுதிக்கோ" என்றார். அப்பா எழுதினார். அரிசி 2 பியி (இங்கே அரிசிக்கு அதுதான் அளவு), எண்ணெய், பருப்பு என்று நீல அட்டை நோட்டு நிரம்பியது. மொத்த வியாபாரியிடம் அப்பா பெயரும் அப்படித்தான் ஏறியது. பிறகு 45, 90 கியாட் என்று ஒன்பதின் மடங்கில் புது நோட்டு வந்தது. பெரும்பாலோர் தீர்த்துவிட்டார்கள். தர முடியாத சிலர் பெயரை அப்பா அடித்துவிட்டார். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அதற்காகக் கடனெல்லாம் உறவு என்று சொல்ல வரவில்லை. 1930-இல் கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் 6 விழுக்காடு நிலம், அங்கே விவசாயிகளுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்த நம் செட்டியார்களிடம் இருந்தது. நெல் விலை சரிந்தது, கடனை அடைக்க முடியாதவர்களின் அடமான நிலம் கைமாறியது. 1937 வாக்கில் செட்டியார்கள் பங்கு 25 விழுக்காடு. அவர்கள் நிலத்துக்கு ஆசைப்படவில்லை, கொடுத்த காசைத்தான் கேட்டார்கள் என்பார்கள் எங்கள் பெரியவர்கள். உண்மைதான், ஆனால் வயல் போனவனுக்கு அதில் என்ன ஆறுதல்? அப்பாவின் நோட்டுக்குப் பின்னால் கோர்ட்டும் போலீசும் இல்லை, அதனால் ஒரு கோடு போட்டு அடிக்க முடிந்தது. அடமானப் பத்திரத்துக்குப் பின்னால் ஆங்கிலேயர் சட்டம் நின்றது. பாடப்புத்தகம் சொல்கிறபடி, அரசு தள்ளி நிற்க, சந்தை தன்னால் முளைத்தது என்று அந்த விவசாயியிடம் போய்ச் சொல்ல முடியுமா?

அடுத்த வாரம் வட்டியைப் பற்றி என்று போட்டிருக்கிறீர்கள். ரொட்டிக்காரருக்குக் கொடுத்த இடத்தில் பாதியையாவது பர்மா நெல் வயலுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மளிகைக்கடைக்காரர் ஒருவர், யாங்கோன்