தண்டவாளத்தருகே விமானம் விழுந்தால்: கையேட்டுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

பயிற்சி விமானம் ஒன்று ரயில் பாதையிலோ அதையொட்டியோ விழுந்தால் முதல் அரை மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று சொல்லும் தமிழ்க் கையேடு அச்சுக்குப் போய்விட்டது. விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி தாம்பரத்தில் இருக்கிறது. கடற்கரை–செங்கல்பட்டு புறநகர் ரயிலும் அதே ஊர் வழியாகத்தான் ஓடுகிறது. 2025 நவம்பர் 14 அன்று தாம்பரத்தை அடுத்து ஒரு பிலாட்டஸ் பயிற்சி விமானம் விழுந்து, விமானி உயிர் தப்பினார். அது ரயில் பாதையில் விழவில்லை. விழுந்திருந்தால் என்ற கேள்விக்குப் பதில் தந்தவர்களுக்கே இந்த மடல்.

முதல் நன்றி தண்டவாளத்தைப் பராமரித்துக் கண்காணித்து ஓய்வுபெற்ற டிராக்மேன்களுக்கும் கீமேன்களுக்கும். கூட்டம் விமானத்தை நோக்கி ஓடும்போது இரண்டு பேராவது வருகிற ரயிலை நோக்கி ஓட வேண்டும் என்பது நீங்கள் சொன்னது. கையேட்டின் முதல் வரியே அதுதான். அகலப் பாதையில் இடையூறு உள்ள இடத்திலிருந்து 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர் (தண்டவாளத்தில் வைக்கும், சக்கரம் ஏறினால் வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் பொருள்), 1200 மீட்டரில் பத்து மீட்டர் இடைவிட்டு மூன்று. இது ஊழியர்கள் செய்வது. பொதுமக்களிடம் டெட்டனேட்டர் இருக்காது. சிவப்புத் துணி ஆட்டலாம். துணி இல்லையென்றால் இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டலாம். இரவில் கைவிளக்கை வேகமாக ஆட்டலாம். எதுவானாலும் தண்டவாளத்தை விட்டு ஒதுங்கி நின்று செய்ய வேண்டும். இரட்டைப் பாதையில் இரு திசையிலும் ஆள் வேண்டும்.

ரயில் பாதையோர மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் படித்துச் சொல்லும் யோசனையும் உங்களுடையதே. மேலே கிலோமீட்டர், கீழே கம்பத்தின் வரிசை எண். 139-க்கோ 112-க்கோ அழைப்பவர் அந்த இரண்டையும் சொன்னால் போதும், கட்டுப்பாட்டு அறைக்கு இடம் துல்லியமாகத் தெரிந்துவிடும்.

சிக்னல் பிரிவு நண்பர்கள் தந்த எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறோம்: சிக்னல் பச்சையாக இருப்பதால் பாதை காலியாக இருக்கிறது என்று பொருளில்லை. தண்டவாளத்தில் மின்சாரம் ஓடவிட்டு ரயில் இருப்பதை அறியும் டிராக் சர்க்யூட் உள்ள இடத்தில், இரண்டு தண்டவாளங்களையும் உலோகம் நன்றாகத் தொட்டு இணைத்தால்தான் சிவப்பு விழும். வர்ணம் பூசிய இறக்கைத் துண்டு குறுக்கே கிடந்தாலும் விழாமல் போகலாம். சக்கர அச்சுகளை எண்ணி ரயில் இருப்பதை அறியும் ஆக்ஸில் கவுன்டர் உள்ள பாதை இன்னும் மோசம். அது சக்கரங்களை மட்டுமே எண்ணும்.

மேல்நிலை மின்பாதையில் 25,000 வோல்ட். அறுந்து தரையில் கிடக்கும் கம்பி செத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் பிரேக்கர் விழுந்த பிறகு சோதனைக்காக மீண்டும் மின்சாரம் கொடுக்கப்படலாம். மின்சாரத்தை நிறுத்தினாலும் பக்கத்துப் பாதையிலிருந்து தூண்டல் மின்னழுத்தம் ஏறும். அதனால்தான் இருபுறமும் டிஸ்சார்ஜ் ராடு (கம்பியில் மிஞ்சிய மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் கோல்) மாட்டி எர்த் செய்யும்வரை யாரும் நெருங்கக் கூடாது, தண்ணீரும் பீய்ச்சக் கூடாது. கம்பியில் பாராசூட் சிக்கியிருந்தால் இழுக்கவே கூடாது. இதைப் பொறுமையாக விளக்கிய, ரயில் மின்பாதையைப் பார்த்துக்கொள்ளும் டிராக்ஷன் ஊழியர்களுக்கு நாங்கள் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம்.

ரயில்கள் முடங்க விமானம் தண்டவாளத்தில் விழ வேண்டும் என்பதுகூட இல்லை. 1999 நவம்பர் 22 அன்று ஜப்பானின் இருமா தளத்தைச் சேர்ந்த டி-33ஏ விமானம் சயாமா நகரின் ஆற்றுப்படுகையில் விழுந்தபோது உயர் அழுத்த மின்பாதையை அறுத்தது. சுமார் 8 லட்சம் வீடுகளில் மின்சாரம் போனது; சாலை சிக்னல்களும் ரயில்களும் முடங்கின. மிகத் தாழ்வாக வந்தபின் வெளியே குதித்த இரு விமானிகளும் இறந்தார்கள். ஜப்பானிய விவரங்களைப் படித்துச் சொன்னவர்களுக்கு நன்றி.

ஆபத்தில் விமானியை விமானத்திலிருந்து வெளியே எறியும் வெளியேற்று இருக்கை பற்றி விமானப்படையின் முன்னாள் தரைப்பணித் தொழில்நுட்பர்கள் சொன்னதை அப்படியே சேர்த்தோம். விழுந்த விமானத்தில் இருக்கை இன்னும் உள்ளேயே இருந்தால், அதன் ராக்கெட்டும் வெடிபொதிகளும் உயிரோடு இருக்கின்றன என்றே கொள்ள வேண்டும். மஞ்சள்-கறுப்புப் பட்டை போட்ட கைப்பிடியைத் தொடாதீர்கள். இருக்கைக்கு மேலே குனியாதீர்கள். ஹாக் போன்ற பயிற்சி ஜெட் விமானங்களில் கண்ணாடி மூடியிலேயே அதை உடைக்கும் வெடிநாண் ஓடுகிறது. பாராசூட்டில் இறங்கிய விமானி எழுந்து நடந்தாலும் முதுகெலும்பு நொறுங்கியிருக்க வாய்ப்புண்டு. படுக்க வைத்து 108-க்காகக் காத்திருங்கள். அவர் தண்டவாளத்திலேயே கிடந்து ரயிலையும் நிறுத்த முடியாதபோது மட்டும், தலையும் முதுகும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்படி பலர் சேர்ந்து தூக்குங்கள்.

தீயணைப்பு வீரர்கள் காற்றின் திசையையும் வடிகாலையும் நினைவூட்டினார்கள். எரிபொருள் ஜல்லிக்குள் இறங்கி, பக்கவாட்டு வடிகால் வழியே வெகுதூரம் போய்த் தீப்பற்றும்.

பாதைப் பொறியாளர்களின் குறிப்பு ஊழியர்களுக்கானது. தீயில் சூடேறிய தண்டவாளம் பார்வைக்கு நேராக இருந்தாலும் உள் விரிசலைக் கண்டறியும் மீயொலிச் சோதனை வேண்டும். இடைவெளியின்றிப் பற்றவைத்த நெடும் தண்டவாளமாக இருந்தால், வெப்பத்தால் உள்ளே ஏறிய இறுக்கத்தைப் போக்கும் தகைவு நீக்கமும் வேண்டும். எண்ணெய் ஊறிய ஜல்லியை மாற்ற வேண்டும். உடைந்த பாகங்களை அகற்றியே ஆக வேண்டுமானால், விசாரணைக் குழுவுக்காகக் கிடந்த இடத்தைப் படமெடுத்துக் குறித்துக்கொண்ட பிறகே அகற்ற வேண்டும்.

கையேட்டின் பின்னட்டையில் மூன்று கட்டங்களைக் காலியாக விட்டிருக்கிறோம்: அருகிலுள்ள ரயில் நிலையத்தின் தொலைபேசி, லெவல் கிராசிங் கேட் எண், உங்கள் தெருவுக்கு நேரே நிற்கும் ரயில் பாதை மின்கம்பத்தின் எண். பாதையோரத் தெருக்களில் இருப்பவர்கள் இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
கையேட்டுக் குழுவினர்