சிரிக்கும்போது துவளும் பிள்ளைகளைக் கவனித்தவர்களுக்கு

திருநெல்வேலிச் சுற்றுவட்டாரத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு இருப்பது, பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நார்கோலெப்சி என்ற நோய்தான் என்று கண்டறிய உதவிய அனைவருக்கும், பெற்றோர்கள் நாங்கள் எழுதும் நன்றி மடல்.

வகுப்பு டீச்சர்களே, "சோம்பேறி" என்று ஒதுக்காமல் எந்தப் பீரியடில் எத்தனை நிமிடம் தூங்கினான், எழுந்ததும் தெளிந்தானா என்று குறித்துத் தந்தீர்கள். இரவு நிறையத் தூங்கியும் பகலில் கண் அசருவது, குட்டித் தூக்கத்துக்குப் பின் சற்றுத் தெளிவது, ஐந்து வயதோடு நின்ற மதியத் தூக்கம் எட்டு வயதில் திரும்புவது எல்லாமே அடையாளங்கள். சில பிள்ளைகளிடம் தூக்கத்தைவிட எரிச்சலும் துறுதுறுப்பும்தான் தெரியும். சில மாதங்களிலேயே எடை ஏறுவதும் உண்டு.

செல்போனில் வீடியோ எடுத்த சித்திமாருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். சிரிக்கையில் முழங்கால் மடங்கும், தாடை தொங்கும், இமை சரியும், நாக்கு வெளியே வரும். இதுதான் கேட்டாப்ளெக்ஸி. நினைவு தப்பாது, கூப்பிடுவது காதில் விழும். நோயின் தொடக்கத்தில் சிரிக்காமலே முகம் துவள்வதால், வலிப்பு என்று எண்ணி மாத்திரை தொடங்கிவிடுகிறார்கள். அவற்றில் சில தூக்கத்தை இன்னும் கூட்டும்.

அமுக்குவான் பேய் என்று கூட்டிப்போன பிள்ளைக்குத் திருநீறு பூசி, "டாக்டரையும் பாத்துருங்க" என்ற பூசாரி ஐயாவுக்கும் வணக்கம். தூக்கம் பிடிக்கும்போதும் விழிக்கும்போதும் உடம்பு அசையாமல் போவதும் உருவங்கள் தெரிவதும் இந்நோயில் வரும்.

தூக்கச் சோதனை செய்த டெக்னீசியன்களே, நீங்கள் சொல்லித் தந்ததை மற்ற பெற்றோருக்காக இங்கே எழுதுகிறோம். சோதனைக்கு முன் ஒன்றிரண்டு வாரம் தூக்கக் குறிப்பு எழுத வேண்டும். கோயில் கொடை வாரத்தில் வேண்டாம். வில்லுப்பாட்டுக்கு விழித்த பிள்ளைக்கு நோய் இல்லாமலே இருப்பதுபோல் காட்டும். மனச்சோர்வு மாத்திரைகளை டாக்டர் சொல்படி முன்கூட்டியே குறைத்து நிறுத்த வேண்டும், திடீரென்று விடக்கூடாது. இரவு முழுக்கப் பதிவு. அதில் குறட்டையும் மூச்சடைப்பும் தெரிந்துவிடும். மறுநாள் 2 மணி நேர இடைவெளியில் 5 தூக்க வாய்ப்புகள். சராசரியாக 8 நிமிடத்துக்குள் தூங்கி, குறைந்தது இரண்டு முறை 15 நிமிடத்துக்குள் கனவுத் தூக்கத்துக்குள் போனால் நார்கோலெப்சியைக் காட்டும். முந்தைய இரவில் அப்படி நேர்ந்திருந்தால் அதையும் ஒன்றாகக் கணக்கிடலாம். சின்னஞ்சிறு பிள்ளைகளிடம் முடிவு தெளிவில்லாமல் வரும். பிறகு மறுபடி செய்ய நேரிடும்.

விழிப்பைத் தாங்கும் ஒரெக்சின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் மூளைச் செல்கள் அழிந்ததே கேட்டாப்ளெக்ஸியோடு வரும் நோய்க்குக் காரணம், வளர்ப்பில் குறையில்லை என்று ஆச்சிமாருக்குப் பொறுமையாக விளக்கிய டாக்டர்களே, வீட்டில் நிம்மதி வந்தது உங்களால்.

மதிய இடைவேளையில் 20 நிமிடம் படுக்க இடம் தந்த தலைமையாசிரியர்களுக்கும், தாமிரபரணியில் குளிக்கையில் கூடவே இறங்கும் மாமாமாருக்கும் நன்றி. தண்ணீரில் சிரிப்பு வந்தால் கைகால் தளரும்; எப்போதும் கைக்கெட்டும் தூரத்திலேயே நில்லுங்கள்.