அடுத்த மாதத்துக்கு முன் நீ அனுப்ப வேண்டிய கேள்விகள்

திருகோணமலை,
ஞாயிறு மாலை

அன்பு மகளுக்கு,

குடலிறக்கச் சத்திரசிகிச்சைக்கு எனக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். தொலைபேசியில் சொன்னால் உடனே விடுமுறை எடுத்துப் புறப்படுவாய் என்பதால் எழுதுகிறேன். நீ வருவதைவிட, உன் ஆஸ்பத்திரி வாட்டில் சத்திரசிகிச்சைக்கு முன் முதியவர்களிடம் கேட்கும் கேள்விகள் வந்து சேர்வதே எனக்கு இப்போது வேண்டியது.

அம்மா கிணற்றடியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டதை நீ மறந்திருக்கமாட்டாய். எலும்பைப் பொருத்தியவர்கள் குறையில்லாமல் செய்தார்கள். ஆனால் மறுநாள் இரவு, இறந்து இருபது வருடமான பெரிய மாமா படகைக் கரையேற்றிவிட்டாரா என்று அவள் கேட்கத் தொடங்கியபோது, வயது போனால் இப்படித்தான் என்று எல்லோரும் சொல்ல, நானும் தலையாட்டினேன். நீதான், இது மறதி நோயல்ல, சத்திரசிகிச்சைக்குப் பின் முதியவர்களுக்குத் திடீரென வரும் மனக்குழப்பம் என்று சொல்லி, கிருமித்தொற்று, நோவு, நீர் போதாமை, மலச்சிக்கல், தூக்கக் குளிசை என ஒவ்வொன்றாக வைத்தியரிடம் விசாரிக்க வைத்தாய். வீட்டு அலுமாரியில் பத்திரமாகக் கிடந்த மூக்குக்கண்ணாடியையும் காதுக்கருவியையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டிலை யன்னல் பக்கம் திருப்பச் சொன்னேன். நான்காம் நாள், தேநீரில் சீனி போதாதென்று என்னை ஏசினாள். அந்த ஏச்சைப் போல இனிமையானதை நான் கேட்டதில்லை. கத்துகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள், பேசாமல் சுருண்டு கிடப்பவரின் குழப்பம்தான் தவறிப்போகும் என்று நீ அன்று சொன்னது, பக்கத்துக் கட்டிலில் கிடந்த மூதாட்டியைப் பார்க்கும்போதெல்லாம் என்னை உறுத்தியது.

இலண்டனில் கைஸ், சென் தோமஸ் மருத்துவமனைகளில் 2003இலேயே முதியோருக்கான சிறப்பு மருத்துவர் சத்திரசிகிச்சைக்கு முன்பே நோயாளியைப் பார்க்கும் ஏற்பாடு தொடங்கியதென்றும், இடுப்பு முறிந்த முதியவரை 36 மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சைக்கு எடுத்து, 72 மணித்தியாலத்துக்குள் முதியோர் மருத்துவர் பார்க்க வேண்டுமென்பது இங்கிலாந்தில் எதிர்பார்ப்பென்றும் நீ சொன்னபோது, பணக்கார நாட்டு வசதி என்று நினைத்தேன். மருத்துவரை உருவாக்கப் பணம் வேண்டும்தான்; ஆனால் எத்தனை படி ஏறுவாய், கடந்த வருடம் விழுந்தாயா, எடை குறைந்ததா, என்னென்ன குளிசை எடுக்கிறாய் என்று கேட்க என்ன செலவு?

ஆகவே என் விடைகளை நானே எழுதத் தொடங்கியிருக்கிறேன். கோணேசர் கோயில் ஏற்றத்தில் முன்பு நில்லாமல் ஏறினேன். இப்போது இரண்டு இடத்தில் நிற்கிறேன். பிரஷர் குளிசை, சீனி வருத்தக் குளிசை, நாட்டு வைத்தியரின் லேகியம் மூன்றையும் மறைக்காமல் குறித்திருக்கிறேன். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரிடம் கேட்பேன். சத்திரசிகிச்சைக்குப் பின் எனக்கு எது முக்கியம் என்று யாராவது கேட்டால், மீண்டும் அந்த ஏற்றம் ஏறுவதுதான் என்று சொல்வேன். விட்டுப்போனவற்றை நீ எழுதி அனுப்பு.

என் கண்ணாடிக்கு அம்மா பொறுப்பு. அதை இப்போதே ஆஸ்பத்திரிப் பையில் வைத்துப் பூட்டிவிட்டதால், எழுத்துகள் கோணலாயிருந்தால் பொறுத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா