கீழடுக்கு அறியாத கணக்கு

மட்டக்களப்பு
கார்த்திகை

அன்புள்ள மச்சான்,

அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. இப்போது பத்திரிகையில் மரண அறிவித்தல் வரை எழுத்து விடாமல் வாசித்து எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆரையம்பதிக்காரன் அதே மோட்டார் சைக்கிளில் அதே கதையோடு திரிகிறான். ஊரில் மழை. இவ்வளவு காலம் எழுதாததற்கு நீ ஏசப்போவதை இப்போதே ஏற்றுக்கொண்டு விடயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதை வேறு யாரிடம் தொடங்கினாலும் இரண்டாவது வசனத்தில் தேத்தண்ணி ஊற்ற எழும்பிப் போய்விடுகிறார்கள்.

நாங்கள் படமெடுத்து வைத்த கூத்துக் கொப்பிகளில் ஒன்றின் படம் கெட்டுப்போய்விட்டது. வடமோடிக் கூத்துப் பழக்கிய அண்ணாவியார் ஒருவரின் பிள்ளைகள் தந்த கொப்பி அது. வரவு விருத்தம் இருக்கும் பக்கத்தைத் திறந்தால் மேற்பாதி தெளிவாக இருக்கிறது. நடுவில் ஒரு வரி பாதியிலே சட்டென்று வலப்பக்கம் விலகுகிறது. அதற்குக் கீழே பக்கம் முழுவதும் சாம்பல் நிறம். கோப்பின் அளவும் திகதியும் மாறவில்லை. வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் கோப்பு முறைமையான ஈஎக்ஸ்டி4 ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை. அது கோப்பின் பெயர், அளவு போன்ற தன்னுடைய மெட்டாடேட்டாவுக்குத்தான் செக்சம், அதாவது மாற்றத்தைக் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண், வைத்திருக்கிறதே தவிர கோப்பின் உள்ளடக்கத்துக்கு வைப்பதில்லை. காப்புப் பிரதியைப் பார்த்தேன். அதுவும் கெட்ட பிறகு எடுத்த பிரதி. அந்தப் பக்கத்தை மறுபடி படமெடுக்கலாம், கொப்பி இன்னும் இருக்கிறது. ஆனால் மற்றப் பக்கங்களில் எது எது இப்படிக் கிடக்கிறது என்பதைக் கண்ணால் ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் தெரியும் என்ற நிலைமை என்னை இரவில் தூங்கவிடவில்லை.

பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையைப் போடு, அது உள்ளடக்கத்துக்கும் செக்சம் வைக்குமே என்று நீ இப்போது வாய்விட்டே சொல்லியிருப்பாய். எங்கள் சொந்த வட்டுகளுக்கு அது சரி. ஆனால் ஊர்களிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் வட்டுகள் பெரும்பாலும் எக்ஸ்ஃபற் என்ற வேறொரு முறைமையில் இருப்பவை. அவற்றை அழித்து வேறொன்று போட எங்களுக்கு உரிமை இல்லை. 2019 இல் லினக்ஸ் 5.4 உடன் வந்த, கோப்பின் உள்ளடக்கத்தைச் சரிபார்க்கும் எஃப்எஸ்-வெரிட்டியையும் யோசித்தேன். அது ஒரு கோப்பை முத்திரையிட்டால் பிறகு அதில் ஓர் எழுத்தும் எழுத முடியாது. நாங்களோ படத்துக்குள்ளேயே பாடியவர் பெயரையும் ஊரையும் பிறகு சேர்க்கிறோம். எக்ஸ்ஃபற் மேல் அது வேலை செய்யவும் மாட்டாது. ஆகவே கீழே எந்தக் கோப்பு முறைமை இருந்தாலும் அதன் மேல் ஏறி உட்காரக்கூடிய ஓர் அடுக்கை லினக்ஸின் மையமான கேர்னலுக்குள் நானே எழுதத் தொடங்கிவிட்டேன். சிரி, சிரித்து முடித்துவிட்டு மேலே வாசி.

அடுக்குக் கோப்பு முறைமை புதிய யோசனை அன்று. சன் நிறுவனத்தில் ஸ்டீவ் க்ளைமன் 1986 இல், எந்தக் கோப்பு முறைமையின் கோப்பையும் ஒரே விதமாகக் கையாள உதவும் வீநோட் இடைமுகத்தைப் பற்றி எழுதினார். டேவிட் ரோசந்தால் 1990 இல் அந்த வீநோடுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கலாம் என்று காட்டினார். பிறகு ஜோன் ஹைடமனும் ஜெரல்ட் போபெக்கும் 1994 இல் எழுதிய கட்டுரை இன்றைக்கும் வாசிக்கத்தக்கது. அவர்களுடைய அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது ‘பைபாஸ்’ என்ற ஒரு செயற்கூறு. தனக்குத் தெரியாத எந்த அழைப்பு வந்தாலும், அதன் பெயரைக்கூட அறியாமல், அதை அப்படியே கீழடுக்குக்குக் கடத்திவிடும். 4.4பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் இயங்குதளத்தின் நல்எஃப்எஸ் என்ற அடுக்கு ஏறக்குறைய அந்த ஒரு செயற்கூறுதான். லினக்ஸில் அந்த வசதி இல்லை. திற, வாசி, எழுது, பெயர் மாற்று என்று ஒவ்வொன்றுக்கும் கையால் ஒரு செயற்கூறு எழுத வேண்டும், புதிய கேர்னலில் ஏதாவது ஓர் அளபுரு மாறினால் எல்லாவற்றையும் திரும்பத் தொட வேண்டும். எரெஸ் ஸடொக் எழுதிய ராப்எஃப்எஸ் என்ற வார்ப்புரு இல்லாவிட்டால் நான் ஆரம்பித்திருக்கவே மாட்டேன்.

அழைப்பைக் கீழே அனுப்புவது சின்ன வேலை. ஒவ்வொரு பொருளும் இரண்டாக இருப்பதுதான் தலையிடி. என்னிடம் ஓர் ஐநோட் (ஒரு கோப்பைக் குறிக்கும் பதிவு), ஈஎக்ஸ்டி4 இடம் அதே கோப்புக்கு வேறோர் ஐநோட். பெயரை ஐநோட்டோடு இணைக்கும் டென்றியும் அப்படி, திறந்த கோப்பும் அப்படி. என் ஐநோட் உயிரோடு இருக்கும்வரை கீழே உள்ளதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், என்னுடையது போகும்போது ஒரே ஒரு தடவை விட வேண்டும். பூட்டுகளை எப்போதும் மேலிருந்து கீழாகவே எடுக்க வேண்டும்; ஓரிடத்தில் மாறி எடுத்தாலும் ஒரு நாள் இரண்டு நிரல்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்கும். பிடித்ததை விடாமல் அன்மவுண்ட் செய்தால், அதாவது கோப்பு முறைமையைக் கழற்றினால், பழைய கேர்னல்கள் என்ன சொல்லும் என்பது உனக்கு நினைவிருக்கும்: ஐநோடுகள் இன்னும் வேலையாக உள்ளன, ஐந்து செக்கனில் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும், இனிய நாளாக அமையட்டும். வந்தாறுமூலை விடுதியில் இதை நீ யாருக்குச் சொல்லி அடி வாங்கினாய் என்பதையும் நான் மறக்கவில்லை.

இதையெல்லாம் கேர்னலுக்கு வெளியே சாதாரண நிரலாகக் கோப்பு முறைமை எழுதவிடும் ஃபியூஸில் செய்தால் என்ன, விழுந்தால் ஒரு சாதாரண நிரல்தானே விழும், கேர்னல் விழாதே என்று போன தடவை தொலைபேசியில் கத்தினாய். அதில் பாதி சரி. எங்கள் வேலைக்கு வேகம் பெரிய காரணம் அன்று, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நினைவகம் குறைந்த எங்கள் சேர்வரில், இடம் போதாதபோது கேர்னல் இப்படியான நிரலையும் கொன்றுவிடலாம். பிறகு அந்த மவுண்ட் முழுவதும் செத்துக் கிடக்கும். மற்றக் காரணம் எனக்கு இது பிடித்திருக்கிறது என்பது. அது போகட்டும், நான் இப்போது மாட்டியிருக்கும் இடம் ஃபியூஸில் எழுதினாலும் அப்படியே வரும்.

இடம் இதுதான். 4,096 பைட் கொண்ட ஒவ்வொரு துண்டுக்கும் சிஆர்சி என்ற 4 பைட் செக்சம் வைக்கிறேன். அவற்றைப் பக்கத்தில் ஒரு தனிக் கோப்பில் எழுதுகிறேன். 4,096 பைட் கொண்ட ஒரு பக்கச் சிஆர்சி 4 மெபிபைட் உள்ளடக்கத்துக்குக் காணும், இடச் செலவு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு தடவை எழுதுவது இப்போது இரண்டு தடவை எழுதுவதாகிவிட்டது: உள்ளடக்கம் ஒன்று, சிஆர்சி ஒன்று. இரண்டுக்கும் நடுவில் கரண்ட் போனால்? இந்த மாரி காலத்தில் அது போகாத நாளைச் சொல், பார்ப்போம். உள்ளடக்கம் புதியதாகவும் சிஆர்சி பழையதாகவும் நிற்கும், அல்லது மறுபக்கமாக நிற்கும். எப்படி நின்றாலும் என் அடுக்கு ஒரு நல்ல பக்கத்தைக் கெட்டது என்று சொல்லும். ஈஎக்ஸ்டி4 இடம் செய்யப்போவதை முதலில் குறித்துவைக்கும் ஜேர்னல் இருக்கிறது, ஆனால் ‘இந்த இரண்டு எழுத்தையும் ஒன்றாகச் சேர், வந்தால் இரண்டும் வரட்டும், இல்லாவிட்டால் இரண்டும் வேண்டாம்’ என்று மேலே இருக்கும் அடுக்கு கேட்பதற்கு எல்லாக் கோப்பு முறைமைகளுக்கும் பொது வாசலான வீ.எஃப்.எஸ். இடத்தில் ஒரு வழியும் இல்லை. அடுக்குகள் ஒன்றையொன்று அறியாமல் இருப்பதையே இந்த முறையின் அழகு என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இப்போது அதன் மேல்தான் கோபம். பொய் எச்சரிக்கை சின்ன விடயம் என்று நினைக்காதே. மழைக்காலம் முழுவதும் பொய் சொல்லும் அடுக்கு மார்கழியில் ஒரு தடவை உண்மை சொன்னால் அதை யார் திறந்து பார்ப்பார்கள்?

ஒரு வழி கண்டிருக்கிறேன். எழுதுவதற்கு முன் புதிய சிஆர்சியைப் பழையதை அழிக்காமல் அதன் அருகே எழுதி வட்டுக்குத் தள்ளிவிடுகிறேன், பிறகு உள்ளடக்கம், அதுவும் வட்டுக்குப் போன பின்புதான் பழைய சிஆர்சியை நீக்குகிறேன். வாசிக்கும்போது இரண்டில் எது பொருந்தினாலும் துண்டு நல்லது. இரண்டும் பொருந்தாவிட்டால் பாதி எழுதப்பட்ட துண்டு அல்லது உண்மையாகவே கெட்ட துண்டு, அப்போது சத்தமாகச் சொல்லலாம். எழுத்துத் தொகுதிக்கு ஒரு தடவை கூடுதலாக வட்டுக்குத் தள்ள வேண்டியிருக்கிறது. ஒரு தடவை எழுதிப் பல தடவை வாசிக்கும் எங்களுக்கு அது தாங்கும். மேசையில் சோதனை இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்கிறேன், இதுவரை பொய் சொல்லவில்லை. அம்மாதான், ‘அதை ஏன்டா கொல்லுகிறாய்’ என்கிறார்.

இனி உன்னிடம் கேட்க வந்த கேள்வி. கோப்பை எம்மேப் செய்து, அதாவது நினைவகத்தின் ஒரு பகுதி போல இணைத்து, அதிலேயே எழுதுகிற நிரல்களை என்ன செய்வது? கீழடுக்கின் பக்கங்களையே நேராகக் கொடுத்தால், லினக்ஸில் உள்ள ஓவர்லே எஃப்.எஸ். என்ற அடுக்கு அப்படித்தான் செய்கிறது, அந்த நிரல்கள் எழுதுவது எனக்குத் தெரியவே தெரியாது. எனக்கென்று தனியாக, கோப்பின் பக்கங்களை நினைவகத்தில் வைத்திருக்கும் பேஜ் கேஷ் வைத்தால் ஒரே பக்கம் நினைவகத்தில் இரண்டு பிரதியாக நிற்கும். அதோடு நான் சிஆர்சி கணக்கிட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த நிரல் பக்கத்தை மாற்றிவிடாமல் இருக்க, எழுதி முடியும்வரை பக்கத்தை அசையாமல் பிடித்து வைக்க வேண்டும். பகிர்ந்து எழுதும் எம்மேப்பை முற்றாக மறுத்துவிடுவதே என் விருப்பம். ஆனால் எங்கள் படப் பட்டியல் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தில், மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும் ‘வால்’ (WAL) முறையில் இருக்கிறது. அது தன் குறியீட்டுக் கோப்பைப் பகிர்ந்த எம்மேப் மூலம்தான் பயன்படுத்துகிறது. மறுத்தால் முதலில் விழுவது எங்கள் பட்டியல்தான். பட்டியலை அடுக்குக்கு வெளியே வைக்கலாம், அல்லது எஸ்கியூலைட்டைத் தனியுரிமைப் பூட்டு முறையில் ஓட்டலாம்; அப்படிச் செய்தால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பட்டியலைத் திறக்க முடியும், ஆரையம்பதிக்காரன் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் வேலை நிற்கும்.

இன்னொன்று. ஒன்றன் மேல் ஒன்றாக எத்தனை அடுக்கு ஏற்றலாம் என்பதற்குக் கேர்னல் வைத்திருக்கும் எல்லை 2. 2014 டிசெம்பரில் 3.18 உடன் ஓவர்லே எஃப்.எஸ். உள்ளே வந்தபோதே இந்த எல்லையும் வந்தது. ஒவ்வோர் அடுக்கும் கேர்னலின் சிறிய வேலை நினைவகமான அதே ஸ்டாக்கில் இறங்குவதால் அந்தக் கஞ்சத்தனத்தில் நியாயம் இருக்கிறது. நான் ஓர் இடத்தை எடுத்துவிட்டேன், மிச்சம் ஒன்று. அதை எதற்காவது வைத்திருக்க வேண்டுமா என்றும் சொல்.

பதிலைத் தொலைபேசியில் சொல்லாதே, கத்துவாய். பூட்டு எடுக்கும் ஒழுங்கைப் படமாகக் கீறி அனுப்பு. மூல நிரலை நாளைக்கு உனக்கு அனுப்புகிறேன், பெயர் மாற்றும் செயற்கூறை முதலில் பார். பொங்கலுக்கு வருவதாக இருந்தால் பழைய எக்ஸ்ஃபற் வட்டு ஏதாவது கொண்டுவா, கெட்டதாக இருந்தால் இன்னும் நல்லது.

அன்புடன்,
உன் மச்சான்